கோஹிமா வார் செமட்ரி போயிட்டு வந்தேன்: டென்னிஸ் கோர்ட்டும் உச்சில இருக்குற 917 பேரும் (நீளமான பதிவு, பொறுமை உள்ளவங்க மட்டும்)

மலையேறி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். போன மாசம் ஆபீஸ் வேலையா திமாப்பூர் வரைக்கும் போக வேண்டியிருந்துச்சு, வேலை வெள்ளிக்கிழமையே முடிஞ்சிருச்சு, ஞாயித்துக்கிழமைதான் ரிட்டர்ன் ஃப்ளைட், சரி இவ்ளோ தூரம் வந்துட்டு கோஹிமா பாக்காம போனா எப்படின்னு ஷேர் சூமோல ஏறிட்டேன். எழுபத்தி சொச்சம் கிலோமீட்டர்தான், ஆனா ரோட்டுல பாதி இடத்துல மலைச்சரிவு மண்ணை இன்னும் அள்ளிட்டு இருக்காங்க. போய் சேரும்போது தலைமுடி எல்லாம் செம்மண் கலர். (நாகாலாந்துக்கு இன்னர் லைன் பர்மிட் வேணும், ஆன்லைன்லயே எடுத்துக்கலாம், அதை மறந்துட்டு கெளம்பாதீங்க.)

செமட்ரி ஊருக்கு வெளிய எங்கயோ அமைதியா இருக்கும்னு நெனச்சேன். இல்ல. நட்ட நடு டவுன்ல, மெயின் ரோட்டு மேலயே இருக்கு, கீழ ஹாரன் சத்தம் காதைக் கிழிக்குது, கேட்டைத் தாண்டி பத்து படி ஏறினா சத்தம் பாதியாயிடுது, இன்னும் ஏறினா யாரோ புல்லு வெட்டுற சத்தம்தான் கேக்குது. மலையைப் படிப்படியா வெட்டி, நம்ம ஊர் மலைக்காட்டு வயல் மாதிரி அடுக்கு அடுக்கா கல்லறை. நிமிந்து நிக்கிற சிலுவைக் கல்லு கிடையாது. முழங்கால் உயரம்கூட இல்லாத சின்னக் கல்லு, அதுல சாய்வா ஒரு வெண்கலத் தகடு. நம்பர், பேரு, ரெஜிமெண்ட், தேதி, வயசு. கீழ சில தகட்டுல குடும்பத்துக்காரங்க எழுதச் சொன்ன ஒரு வரி. வயசுதான் கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கு, 20, 23, 19, 21. மொத்தம் 1,420 கல்லறை. சில தகட்டுல பேரே இல்ல.

ரெண்டாம் உலகப் போர்ல, 1944 ஏப்ரல்ல ஜப்பானோட 31வது டிவிஷன், ஜெனரல் சாட்டோ தலைமையில, பர்மால இருந்து மலையேறி வந்து இந்த ஊரை வளைச்சிருச்சு. பன்னெண்டாயிரத்துக்கு மேல ஆளு. உள்ள பிரிட்டிஷ் பக்கம் இருந்தது ரெண்டாயிரத்து ஐநூறு பேர், அதுலயும் நெறைய பேர் சண்டை போடுறவங்க இல்ல, கிளார்க்கு, டிரைவர், சமையக்காரன், ஆஸ்பத்திரில குணமாகிட்டு இருந்தவன். ஏப்ரல் 4ல இருந்து ரெண்டு வாரம் இந்த ஒரு மேட்டுக்குள்ள அடைச்சு வச்சு அடிச்சான். இந்த மேட்டுலதான் அப்ப டெபுடி கமிஷனர் பங்களா இருந்துச்சு. பங்களா பக்கத்துல தொரைங்க விளையாட ஒரு டென்னிஸ் கோர்ட்.

அந்த டென்னிஸ் கோர்ட்டு இன்னும் இருக்குங்க. பங்களா இல்ல, நெட் இல்ல, ஆனா கோடு மட்டும் வெள்ளை சிமெண்ட்ல போட்டு வச்சிருக்காங்க. ஒரு பக்கம் இங்கிலாந்துல இருந்து வந்த ராயல் வெஸ்ட் கென்ட் ஆளுங்க, அந்தப் பக்கம் ஜப்பான்காரன், நடுவுல இந்த கோர்ட். ரெண்டு பக்கமும் குழி வெட்டி உக்காந்து பந்துக்கு பதிலா கிரனேடு தூக்கிப் போட்டுக்கிட்டாங்க. நான் ஒரு கோட்டுல இருந்து அந்தக் கோட்டுக்கு நடந்து பாத்தேன். முப்பத்தி ரெண்டு எட்டு. எங்க தெருவுல எதிர்வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் உள்ள தூரம்.

எல்லாருக்கும் தெரிஞ்ச அந்த வாசகம் இங்கதான் இருக்கு, பிரிட்டிஷ் படையோட செகண்ட் டிவிஷன் நினைவுக்கல்லுல: "நீங்க ஊருக்குப் போனா எங்களைப் பத்திச் சொல்லுங்க. உங்க நாளைக்காக எங்க இன்னைக்கைக் குடுத்துட்டோம்னு சொல்லுங்க." என் மொழிபெயர்ப்பு சுமார்தான், அடிக்க வராதீங்க.

ஆனா நான் இந்த இழை தொடங்குனது அதுக்கில்ல. இன்னும் மேல ஏறினா, மலை உச்சில, செமட்ரிலயே உயரமான எடத்துல, தனியா ஒரு நினைவுச்சின்னம் இருக்கு. எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய சிப்பாய்ங்க 917 பேரோட பேரு. நான் நின்ன முக்கா மணி நேரத்துல கீழ நூறு பேர் செல்ஃபி எடுத்தாங்க, மேல ஒருத்தர் வரல. அந்தப் பேரையெல்லாம் போட்டோ எடுத்து வச்சிருக்கேன். இவங்களைப் பத்தி யாருக்காவது ஏதாவது தெரியுமா?

---

ரெண்டாம்காபி எழுதியது:

சூப்பர் பதிவு ப்ரோ. ஆனா கடைசில நீங்க சொன்னதுதான் மேட்டரு. வெள்ளைக்காரனுக்கு ஆளுக்கு ஒரு கல்லு, ஆளுக்கு ஒரு தகடு, அம்மா அப்பா எழுதுன வரி. நம்மாளுக்கு மொத்தமா ஒரு லிஸ்டு. ரேஷன் கடை போர்டு மாதிரி. செத்தப்புறமும் தேர்ட் கிளாஸ் டிக்கெட்டா?

---

ஓய்வுதம்பி எழுதியது:

ரெண்டாம்காபி தம்பி, கோவம் நியாயம்தான், ஆனா கொஞ்சம் பொறுங்க. நான் மெட்ராஸ் சாப்பர்ஸ்ங்கிற ராணுவ இன்ஜினியர் படைல 17 வருஷம் இருந்து ஹவில்தாரா வெளிய வந்தவன். (எங்க குரூப் ஆளுங்களை ஆர்மில எல்லாரும் "தம்பி"ன்னுதான் கூப்பிடுவாங்க, பேரு அதுனாலதான்.) இந்து, சீக்கிய சிப்பாய் செத்தா அவங்க வழக்கப்படி எரிச்சாங்க. எரிச்சதுக்கு அப்புறம் பொதைக்க என்ன இருக்கு? அதனால பேரு மட்டும் ஒரு சின்னத்துல. முஸ்லிம் சிப்பாய்க்கும் கிறிஸ்துவ சிப்பாய்க்கும் தனித்தனி கல்லறை உண்டு. இம்பால்ல இந்தியன் ஆர்மி வார் செமட்ரின்னே தனியா ஒண்ணு இருக்கு, அங்க 9வது ஜாட் ரெஜிமெண்ட் ஜமேதார் அப்துல் ஹஃபீஸ் அடக்கம் ஆயிருக்கார். 1944 ஏப்ரல் 6ஆம் தேதி இம்பாலுக்கு வடக்கால ஒரு மேட்டை புடிக்கப் போய் உயிரை விட்டவர், பிரிட்டிஷ்காரன் வீரத்துக்குக் குடுக்குற ஒசந்த விருதான விக்டோரியா கிராஸ் வாங்குனவர். நான் அந்தக் கல்லறைக்கு முன்னாடி சல்யூட் அடிச்சிருக்கேன்.

அதனால கோஹிமால நடந்ததை மட்டும் வச்சு பாகுபாடுன்னு சொல்ல முடியாது. உச்சில எடம் குடுத்ததையும் கவனிங்க.

---

ரெண்டாம்காபி எழுதியது:

அண்ணே மரியாதையோட கேக்குறேன். எரிச்சா பேரை தனித்தனி தகட்டுல போடக்கூடாதுன்னு எந்த சாஸ்திரத்துல இருக்கு? உச்சில எடம் குடுத்தாங்க சரி, உச்சிக்கு யாரு ஏறுறா? மலையேறியே சொல்லிட்டார் ஒருத்தர் வரலன்னு.

அப்புறம் இந்தக் கல்லறைங்களைப் பாத்துக்குற காமன்வெல்த் கமிஷனே 2021ல ஒரு அறிக்கை விட்டு மன்னிப்பு கேட்டுச்சு, ஞாபகம் இருக்கா? முதல் உலகப் போர்ல செத்த ஆப்பிரிக்கா, ஆசியா ஆளுங்கள்ல 45,000ல இருந்து 54,000 பேரை மத்தவங்களுக்கு சமமா நினைவுகூரலன்னும், இன்னும் குறைஞ்சது 1,16,000 பேருக்கு பேரே எங்கயும் இல்லன்னும் அவங்களே ஒத்துக்கிட்டாங்க.

---

ஓய்வுதம்பி எழுதியது:

அது முதல் போர். கோஹிமா ரெண்டாவது போர். இங்க 917 பேருக்கும் பேரு இருக்கு. ரெண்டையும் ஒண்ணாக் கொழப்பாதீங்க. ஆனா "உச்சிக்கு யாரு ஏறுறா"ங்கிற கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல தம்பி.

---

கல்வெட்டுப்பித்து எழுதியது:

மன்னிக்கணும், கொஞ்சம் திசை திருப்புறேன், என் வியாதி இது.

மலையேறி, அந்த செகண்ட் டிவிஷன் கல்லை கிட்டப் போயி பாத்தீங்களா? அது செதுக்குன தூண் இல்ல, கரடா நிக்கிற ஒத்தைக் கல்லு. அந்த மாதிரி கல்லு நடுறது நாகா மக்களோட வழக்கம். அவங்க ஊர்கள்ல பெரிய மனுசன் பேருக்கு விருந்து வச்சு, ஊரே சேந்து மரச்சட்டத்துல கட்டி கல்லை இழுத்துட்டு வந்து நடுவாங்க. கோஹிமால அந்தக் கல்லையும் நாகா ஆளுங்கதான் மேல இழுத்துட்டு வந்தாங்க. அதாவது வாசகம் இங்கிலீஷ், கல்லு நாகா.

இதைப் படிச்சப்ப எனக்கு நம்ம நடுகல் ஞாபகம் வந்துச்சு. போர்ல விழுந்தவனுக்கு கல்லைத் தேடுறதுல ஆரம்பிச்சு, நீராட்டி, நட்டு, படையல் வச்சு, வாழ்த்துறது வரைக்கும் தொல்காப்பியம் ஆறு படி சொல்லுது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பைல 2006ல கெடைச்ச தமிழ் பிராமி நடுகல்லுல இருக்கறது ஒத்தை வரி விஷயம்தான்: கூடலூர் ஆகோள்ல, அதாவது மாடு கவர்ந்த சண்டைல, செத்த தீயன் அந்தவனோட கல்லு. அவ்ளோதான். எந்த ராசா, எதுக்கு சண்டை, யாரு ஜெயிச்சா ஒண்ணும் இல்ல. ஆளு, ஊரு, சண்டை. கோஹிமா வெண்கலத் தகட்டுலயும் அதே மூணுதான்.

அந்த வாசகத்தை கல்வெட்டு நடைல நான் எழுதுனா இப்படி எழுதுவேன்: "ஊர் மீள்வீர், எம்மை உரைமின்; நும் நாளைக்கு எம் இன்றை ஈந்தோம்."

---

தேங்காபன்னு எழுதியது:

கல்வெட்டுப்பித்து சார் 😂 "உரைமின்" எல்லாம் போட்டா செகண்ட் டிவிஷன் சிப்பாய் எந்திரிச்சு வந்து அர்த்தம் கேப்பான். மலையேறி எழுதுனதே போதும்.

சீரியஸா ஒரு டவுட்டு. ரெண்டு வாரம் அந்த சின்ன மேட்டுக்குள்ள அத்தனை பேரு, சாப்பாடு தண்ணிக்கு என்ன பண்ணாங்க?

---

மலையேறி எழுதியது:

தேங்காபன்னு, தண்ணிதான் பெரிய பிரச்சினையே. தண்ணித் தொட்டி ஆரம்பத்துலயே ஜப்பான்காரன் கைக்குப் போயிருச்சு. அப்புறம் பங்களாவுக்குப் பின்னாடி ஒரு சின்ன ஊத்து கண்டுபுடிச்சாங்க, அதுவும் எதிரி கண்ணுல படுற எடம், ராத்திரில ஊந்து போயி புடிச்சுட்டு வரணும். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் ரெண்டு டம்ளர் கணக்கு. பிளேன்ல இருந்து பாராசூட்ல தண்ணியும் குண்டும் போட்டாங்க, எடம் அவ்ளோ சின்னது, பாதி அந்தப் பக்கம் விழுந்து ஜப்பான்காரன் எடுத்துக்கிட்டான். காயம்பட்டவங்களை வெளிய கொண்டு போக வழியில்லாம குழிக்குள்ளயே படுக்க வச்சிருந்தாங்க, படுத்த எடத்துலயே மறுபடி ஷெல் விழுந்து செத்தவங்க இருக்காங்க.

வெளிய ரெண்டு மைல் தள்ளி ஜோட்சோமாங்கிற எடத்துல இந்திய மலை பீரங்கிப் படை ஒண்ணு இருந்துச்சு, அவங்க அங்க இருந்து குறி பாத்து நம்மாளுங்க குழிக்கு சில கெஜம் முன்னாடி விழுற மாதிரி சுட்டுக்கிட்டே இருந்ததாலதான் மேடு தப்பிச்சுது. ஏப்ரல் 18 பஞ்சாப் ரெஜிமெண்ட் வந்து சேந்துச்சு, 20ஆம் தேதி உள்ள இருந்தவங்களை மாத்தி எடுத்தாங்க. ஆனா அப்பவும் சண்டை முடியல, டென்னிஸ் கோர்ட்டு மே மாசம் 13ஆம் தேதிதான் கைக்கு வந்துச்சு. அதுவும் எப்படி? ஒரு டேங்கை மலைச்சரிவுல ரோடு வெட்டி ஏத்தி, அங்க இருந்து கோர்ட்டுக்குள்ள சறுக்கி எறக்கி, பங்கர் வாயில நேரா வச்சு சுட்டாங்க.

கோர்ட் பக்கத்துல ஒரு செர்ரி மரம் இருக்கு. பழைய மரத்துல ஜப்பான் ஸ்னைப்பர் உக்காந்து சுட்டானாம், மரம் சண்டைல நாசமாயிருச்சு, மிச்சம் இருந்த அடிக்கட்டைல இருந்து துளிர்த்து வந்ததுதான் இப்ப இருக்குறது. பக்கத்துல போர்டு வச்சிருக்காங்க. நான் போனப்ப அந்த நெழல்ல ஒரு காலேஜ் ஜோடி உக்காந்து ஒரே இயர்போன்ல பாட்டு கேட்டுட்டு இருந்தாங்க.

---

தோட்டத்துப்பேரன் எழுதியது:

மலேசியாவில் இருந்து எழுதுறேன், வணக்கம். பேராக்ல ரப்பர் தோட்டத்துல பொறந்த குடும்பம்.

எல்லாரும் பிரிட்டிஷ் பக்கம் நின்னவங்களையே பேசுறீங்க. அந்தப் பக்கமும் நம்ம ஆளுங்க இருந்தாங்களே. என் தாத்தாவோட அண்ணன் 1943ல நேதாஜி பேச்சைக் கேட்டுட்டு தோட்டத்துல இருந்து நேரா ஐஎன்ஏவுக்கு (ஜப்பான் பக்கம் நின்ன இந்திய தேசிய ராணுவம்) போனவர். பால் வெட்டுற கத்தியை பாட்டி கையில குடுத்துட்டுப் போனார்னு சொல்லுவாங்க. மலாயாத் தமிழருங்க ஆயிரக்கணக்குல சேந்தாங்க, பொம்பளைங்க ஜான்சி ராணி படையில. அவர் பர்மா வரைக்கும் போனார்னு தெரியும். அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது. காமன்வெல்த் லிஸ்டுல அவர் பேரு இருக்காது, ஏன்னா அவங்க கணக்குல அவர் எதிரி.

சிங்கப்பூர் எஸ்பிளனேட்ல நேதாஜி 1945 ஜூலைல ஐஎன்ஏவுக்கு ஒரு நினைவுச்சின்னம் அடிக்கல் நாட்டினார். பிரிட்டிஷ்காரன் திரும்பி வந்ததும் மவுண்ட்பேட்டன் உத்தரவுல அதை இடிச்சுத் தள்ளிட்டாங்க. இப்ப அங்க இருக்குறது 1995ல வச்ச ஒரு அடையாளப் பலகைதான். செத்தவனுக்கு வச்ச கல்லையே இடிச்சவங்க, அதே கையால கோஹிமால கல்லு வச்சு "எங்களைப் பத்திச் சொல்லுங்க"ன்னு எழுதிக்கிறாங்க.

"ஊருக்குப் போனா"ன்னு எழுதியிருக்குல்ல. என் பெரிய தாத்தாவுக்கு எது ஊரு? அவர் தஞ்சாவூரைப் பாத்ததே இல்ல.

---

ஓய்வுதம்பி எழுதியது:

தோட்டத்துப்பேரன் அய்யா, உங்க வலி புரியுது. ஒரு பழைய சிப்பாயா எனக்கும் இது சங்கடமான விஷயம்தான். எதிரெதிர் பக்கம் நின்னு தமிழன் தமிழனை சுட்டிருக்கலாம். ஒருத்தன் உப்பு தின்ன கடன்னு நின்னான், ஒருத்தன் சொதந்திரம்னு நின்னான். ரெண்டு பேரையும் மலேரியாவும் வயித்துப்போக்கும் ஒரே மாதிரி கொன்னுச்சு.

மொய்ராங்ல ஐஎன்ஏ நினைவகம் இருக்கு, இம்பால்ல இருந்து 45 கிலோமீட்டர், 1944 ஏப்ரல் 14 அவங்க கொடி ஏத்துன எடம். சிங்கப்பூர்ல இடிச்ச அந்தச் சின்னத்தோட மாதிரியை அங்க கட்டி வச்சிருக்காங்க.

---

ரெண்டாம்காபி எழுதியது:

ஜப்பான்காரனுக்கு?

---

கல்வெட்டுப்பித்து எழுதியது:

கோஹிமால அவங்களுக்குன்னு செமட்ரி கெடையாது. இம்பாலுக்குத் தெக்கால மைபாம் லோக்பாசிங்னு ஒரு எடம், செங்குன்று அடிவாரம், அங்க ஜப்பான் அரசாங்கம் 1994ல ஒரு அமைதிச் சின்னம் வச்சுச்சு. பக்கத்துலயே 2019 ஜூன் 22ல ஒரு மியூசியம் தொறந்தாங்க. ஜூன் 22 தேதிக்கு அர்த்தம் இருக்கு, 1944ல அன்னைக்குத்தான் கோஹிமா இம்பால் ரோடு மறுபடி தொறந்துச்சு.

சாட்டோ கதை தெரியுமா? அவரோட ஆளுங்க கையில வெறும் மூணு வார சாப்பாட்டோட கெளம்புனாங்க. மேல இருந்து அரிசி வரும்னு சொன்னாங்க, வரல. தந்தி மேல தந்தி அடிச்சார், வரல. மே கடைசில, மேலிடத்து உத்தரவை மீறி, என் ஆளுங்களை பட்டினி போட்டுக் கொல்ல மாட்டேன்னு படையைப் பின்னாடி இழுத்துட்டார். பதவி போச்சு. அந்த மொத்த படையெடுப்புல ஜப்பான் பக்கம் சேதம் 50,000க்கு மேல, அதுல துப்பாக்கில செத்தவனைவிட பசிலயும் நோய்லயும் செத்தவன் அதிகம்.

---

பச்சமொளகா எழுதியது:

நான் மூணு வருஷம் கோஹிமால டீச்சரா இருந்தவ. எல்லாரும் பிரிட்டிஷ், இந்தியன், ஜப்பான், ஐஎன்ஏன்னு பேசிட்டீங்க, வீட்டுக்காரங்களை யாரும் கேக்கல. கல்வெட்டுப்பித்து அண்ணா கல்லை இழுத்தவங்கன்னு ஒரு வரில முடிச்சுட்டார்.

அது அவங்க ஊரு. நாகா கிராமம் எரிஞ்சுது. ஆளுங்க காட்டுக்குள்ள ஓடுனாங்க. திரும்பி வந்து பாத்தா வீடு இல்ல, வயல்ல கண்ணிவெடி, பொணம். அதுக்கு நடுவுல காயம்பட்ட சிப்பாயை ஸ்ட்ரெச்சர்ல மலை மேல மலையா தூக்கிட்டுப் போனது, எதிரி எங்க இருக்கான்னு வந்து சொன்னது, வழி காட்டுனது எல்லாம் அவங்க. சண்டைக்குப் போன வெள்ளைக்கார வெட்டரன்ஸ் சில பேரு வயசான காலத்துல சேந்து நாகா பசங்க படிக்க ஒரு கல்வி டிரஸ்ட் ஆரம்பிச்சாங்க, எங்க ஸ்கூல்லயே அந்த உதவில படிச்ச பொண்ணு இருந்தா.

என் வீட்டு ஓனர் பாட்டிக்கு அப்ப எட்டு வயசு. அவங்க செமட்ரிக்குள்ள போயி நான் பாத்ததே இல்ல. ஒரு தடவை கேட்டேன், ஏன் பாட்டி போறதில்லன்னு. "அங்க எங்க ஆளு யாரும் இல்லையே"ன்னாங்க. சொல்லிட்டு முறத்துல அரிசி பொடைக்க ஆரம்பிச்சுட்டாங்க. நான் அதுக்கு மேல கேக்கல.

ஆனா டிசம்பர் ஹார்ன்பில் திருவிழா சமயத்துல அந்த செமட்ரியப் பாக்கணும், படிக்கட்டுல கால் வைக்க எடம் இருக்காது.

---

வடாற்காடு எழுதியது:

இந்த இழையை மூணு நாளா சத்தமில்லாம படிச்சுட்டு இருக்கேன். இப்ப ஒரு உதவி வேணும்.

எங்க அம்மாவோட பெரியப்பா ஒருத்தர் ரெண்டாம் போர்ல போயி திரும்பி வரல. ஒரு தந்தி வந்துச்சாம், மாசாமாசம் கொஞ்சம் பென்ஷன் வந்துச்சாம், அவர் சம்சாரம் சாகுற வரைக்கும் தாலி கழட்டலயாம், ஆளு எங்கயோ இருக்கார்னு. எங்க செத்தார்னு யாருக்கும் தெரியாது, "அசாம் பக்கம்"னு மட்டும் பேச்சு. பென்ஷன் பேப்பர்ல இண்டியன் பயோனியர் கோர்னு இருக்கு, ஒரு நம்பர் இருக்கு. பயோனியர்னா என்னண்ணே? கண்டுபுடிக்க வழி இருக்கா? பேரை இங்க போட வேணாம்னு அம்மா சொல்றாங்க.

---

ஓய்வுதம்பி எழுதியது:

பயோனியர்னா ரோடு போடுறது, சுமை எறக்குறது, குழி வெட்டுறது. கையில மம்பட்டியும் கடப்பாறையும். தெக்கத்தி ஆளுங்க அதுல ஏராளம். மெடல் வாங்குனவன் கதைல அவன் வரமாட்டான், ஆனா அவன் போட்ட ரோட்டுலதான் மெடல் வாங்குனவன் நடந்து போனான்.

காமன்வெல்த் வார் கிரேவ்ஸ் கமிஷன் வெப்சைட்ல தேடுங்க, இலவசம். ஆனா பேரைப் போட்டு தேடாதீங்க! நம்ம பேரை அந்தக் கால கிளார்க்கு எப்படி காதுல விழுந்துச்சோ அப்படி எழுதியிருப்பான். கோவிந்தசாமியை எட்டு விதமா எழுதியிருக்கான், எண்ணிப் பாத்திருக்கேன். நம்பர் இருக்குல்ல, சர்வீஸ் நம்பரைப் போடுங்க. வரலன்னா பேருல மொத நாலு எழுத்து, ரெண்டாம் உலகப் போர், இந்திய ராணுவம்னு வடிகட்டுங்க. வந்தா இன்னார் மகன், இன்ன ஊரு, இன்ன ஜில்லான்னு நெறைய பேருக்கு இருக்கும். நார்த் ஆற்காடு, சேலம், திருநெல்வேலின்னு வரிசையா வரும். கல்லறை இல்லாதவங்க நெறைய பேரு பேரு ரங்கூனுக்கு வடக்கால தாவுக்யான் நினைவுச்சின்னத்துல, அங்க மட்டும் 27,000 பேரு. அங்கயும் இருக்கலாம், தயாரா இருங்க.

---

வடாற்காடு எழுதியது:

அண்ணே கெடைச்சுட்டார்.

நம்பர் போட்டதும் ஒரே ஒரு ரிசல்ட்டு. பேருல ஒரு எழுத்து தப்பு, ஆனா அவங்க அப்பா பேரு கரெக்டு, ஊரு பேரு கரெக்டு (நார்த் ஆற்காடு ஜில்லான்னு போட்டிருக்கு, என் ஐடிக்கு நான் சும்மா வச்ச பேரு அது). 1944 ஜூன். வயசு 24. எடம்: கோஹிமா க்ரிமேஷன் மெமோரியல்.

ஆபீஸ் பாத்ரூம்ல நின்னு படிச்சேன். இன்னும் அம்மாகிட்ட சொல்லல.

---

மலையேறி எழுதியது:

வடாற்காடு, நம்பரை எனக்கு தனி மெசேஜ்ல அனுப்புங்க உடனே.

---

மலையேறி எழுதியது:

இருக்கார். என் மூணாவது போட்டோல, கீழ இருந்து ஆறாவது வரி. போட்டோவுல என் நெழல் அந்த வரி மேல பாதி விழுந்திருக்கு, மன்னிச்சுக்கோங்க, பேரு தெளிவா தெரியுது. பெரிய சைஸ்ல அனுப்பிட்டேன்.

---

ரெண்டாம்காபி எழுதியது:

ரேஷன் கடை போர்டுன்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். தனித்தனியா தகடு வச்சிருக்கணும்ங்கிறதை வாங்க மாட்டேன்.

---

தோட்டத்துப்பேரன் எழுதியது:

வடாற்காடு, ரொம்ப சந்தோசம் தம்பி. பொறாமையாவும் இருக்கு, உண்மையச் சொல்லிடறேன்.

---

வடாற்காடு எழுதியது:

அம்மாகிட்ட நேத்து ராத்திரி காட்டுனேன். போனை வாங்கி ரெண்டு விரலால பெருசு பண்ணி பண்ணி அந்த ஒரு வரியையே பாத்துக்கிட்டு இருந்தாங்க, அவங்களுக்கு இங்கிலீஷ் படிக்க வராது, எது பேருன்னு நான் விரல் வச்சுக் காட்டணும். அழல. "எழுத்து தப்பா இருக்கே, மாத்திக் குடுப்பாங்களா"ன்னாங்க. கமிஷனுக்கு எழுதிக் கேக்கலாம்னு சொன்னேன். அப்புறம் அப்பாவைக் கூப்புட்டு தை அமாவாசை எப்பன்னு கேட்டாங்க. எண்பது வருஷமா அவருக்கு யாரும் திதி குடுக்கல, உசுரோட இருக்கார்னு நெனச்சு.

---

பச்சமொளகா எழுதியது:

வடாற்காடு, நான் டிசம்பர் மொத வாரம் ஹார்ன்பில்லுக்கு கோஹிமா போறேன், என் பழைய ஸ்டூடண்ட் கல்யாணமும் இருக்கு. உச்சிக்கு ஏறிப் போயி நெழல் விழாம ஒரு போட்டோ எடுத்துட்டு வரேன். பூ ஏதாவது வைக்கணும்னா சொல்லுங்க, அங்க நம்ம ஊரு மல்லி கெடைக்காது, திமாப்பூர்ல தேடிப் பாக்கணும்.

---

வடாற்காடு எழுதியது:

அக்கா, ரொம்ப நன்றி. அம்மாகிட்ட கேட்டேன். மலையேறி அண்ணன் தண்ணி கதை எழுதியிருந்ததை அவங்களுக்குப் படிச்சுக் காட்டியிருந்தேன். பூவெல்லாம் வேணாமாம். ஒரு பாட்டில் தண்ணி கொண்டு போயி அந்தக் கல்லு அடில ஊத்திட்டு வரச் சொல்றாங்க, முழுசா ஊத்தணுமாம், மிச்சம் வைக்கக் கூடாதாம்.